மரம் வெட்டியபின் மண்ணில் என்ன மிஞ்சுகிறது? சவுக்கு, தைலமரத் தோட்டங்களுக்கான சத்துக் கணக்கு வழிகாட்டி

ஒரே நிலத்தில் மூன்றாவது, நான்காவது முறையாகச் சவுக்கு வைத்தவர்களிடம் பேசினால், "முதல் வெட்டுக்கு வந்த டன் இப்போது வருவதில்லை" என்பார்கள். நாற்றின் தரம், மழை, கறையான் என்று காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் அதிகம் பேர் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. வெட்டிய நாளில் வயலைவிட்டு வண்டியேறிப் போனவை எவை என்பதுதான் அது. தடி மட்டும் போனால் பெரும்பாலான மண் தாங்கிக்கொள்ளும். தடியோடு பட்டை, மிலாறு, சருகு, தூர் என்று எல்லாமே போய், மிச்சத்துக்கும் தீ வைத்துவிட்டால் எந்த மண்ணும் நெடுநாள் தாங்காது. இந்த இழப்பை எப்படி அளப்பது, எப்படிக் குறைப்பது, எதைத் திருப்பிக் கொடுப்பது என்பதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுகள் தமிழ்நாட்டின் காகிதக்கூழ் மரத் தோட்டங்களைச் சார்ந்தவை. கணக்கு முறை எந்த மரத்துக்கும் பொருந்தும்.

சத்து மரத்தின் எந்தப் பாகத்தில் இருக்கிறது

எடையும் சத்தும் ஒரே இடத்தில் இல்லை. மரத்தின் எடையில் பெரும்பங்கு தடியில் இருக்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) இலையிலும், கால்சியம் பட்டையிலும் குவிந்திருக்கின்றன. ஒரு ஹெக்டேர் தைலமரத் தோப்பை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ளவை கணக்கு புரிவதற்காக எடுத்த எண்கள். பொதுவாகக் காணும் அளவுகளை ஒட்டியவைதான் என்றாலும், உங்கள் தோப்பின் எண்ணை நீங்களே அளக்க வேண்டும்.

| பாகம் | உலர் எடை (டன்) | தழைச்சத்து (கிலோ) | பாஸ்பரஸ் (கிலோ) | பொட்டாசியம் (கிலோ) | கால்சியம் (கிலோ) |
|---|---|---|---|---|---|
| பட்டை உரித்த தடி | 50 | 60 | 5 | 50 | 50 |
| பட்டை | 6 | 18 | 2.4 | 30 | 108 |
| கிளை, மிலாறு | 5 | 17.5 | 2 | 20 | 35 |
| இலை | 3 | 51 | 3 | 24 | 24 |
| மொத்தம் | 64 | 146.5 | 12.4 | 124 | 217 |

இலையின் எடை மொத்தத்தில் 5 சதவீதம்கூட இல்லை. ஆனால் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதில்தான் இருக்கிறது. பட்டை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான எடைதான், கால்சியத்தில் பாதி அதனுடையது. மரத்தை விற்ற பணம் பெரும்பாலும் தடிக்கு வருகிறது. மண்ணின் இழப்போ விலை போகாத பாகங்களில் இருக்கிறது. இந்த வழிகாட்டியின் மற்ற எல்லாமே இந்த ஒரு உண்மையிலிருந்து வருபவை.

வெட்டும் வயதும் முக்கியம். நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் இலைக்கூட்டத்தைக் கட்டுவதற்காக மண்ணிலிருந்து வேகமாக உறிஞ்சும். விதானம் மூடியபின் வேகம் தணிந்து, உதிர்ந்த சருகு மட்கி வரும் சத்தையும், பழுக்கும் இலையிலிருந்து உள்ளே திரும்ப இழுத்துக்கொள்ளும் சத்தையும் வைத்துப் பெரும்பகுதியை ஓட்டும். வைரம் பாயும்போது பழைய கட்டையிலிருந்தும் பாஸ்பரஸ், பொட்டாசியத்தை மீட்டுக்கொள்ளும். ஆகவே, ஒரு டன் தடிக்கு இளமரம் கொண்டுபோகும் சத்து முதிர்ந்த மரத்தைவிட அதிகம். மூன்று ஆண்டில் வெட்டுவது, உறிஞ்சும் வேலை முடிந்து திருப்பிக் கொடுக்கும் வேலை தொடங்கும் நேரத்தில் வெட்டுவதாகும்.

வெட்டியபின் ஆண்டுவாரியாக நடப்பது

முதல் ஆண்டில் மண்ணில் சத்து கூடியதுபோல் தெரியும். நிழல் போய் மண் சூடாகிறது, உறிஞ்ச வேரில்லை, சருகும் செத்த வேர்களும் மட்குகின்றன. அந்த நேரத்தில் எடுத்த மண் பரிசோதனையில் நைட்ரேட்டும் பொட்டாசியமும் நல்ல அளவில் வரும். "நிலம் வளமாகத்தான் இருக்கிறது" என்று முடிவு கட்டும் தவறு இங்கேதான் நடக்கிறது. அது புதிதாக வந்த சத்து இல்லை. இருப்பு கரைந்து வெளியே நிற்பது. அடுத்த கனமழை அதைக் கீழே இறக்கிவிடும்.

இதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள ஹப்பார்ட் புரூக் ஆய்வுக்காடு. 1965 இறுதியில் அங்கே ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்களை முழுவதும் வெட்டி, ஒரு தடியைக்கூட வெளியே எடுக்காமல் அப்படியே கிடத்தினார்கள். பிறகு மூன்று கோடைகளுக்குக் களைக்கொல்லி தெளித்து எதையும் முளைக்கவிடாமல் வைத்தார்கள். ஓடை நீரில் நைட்ரேட் செறிவு முதல் ஆண்டில் 41 மடங்கும் இரண்டாம் ஆண்டில் 56 மடங்கும் ஏறியது. ஒவ்வொரு நைட்ரேட்டும் போகும்போது கால்சியம், மக்னீசியம், பொட்டாசியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது. மரத்தை எடுத்துச் செல்லாமலே இவ்வளவு இழப்பு. நிலத்தை வெறுமையாக, செடியே இல்லாமல் விட்டதுதான் காரணம். நம் தோட்டங்களில் யாரும் மூன்று ஆண்டு வெறுமையாக விடுவதில்லை. ஆனால் புரட்டாசியில் உழுது சுத்தமாக வைத்த மணல் நிலத்தில் ஐப்பசி மழை விழும்போது நடப்பது அதே வேலைதான்.

இரண்டு, மூன்றாம் ஆண்டுகளில் புதுக் கன்றுகளும் களைகளும் உறிஞ்சத் தொடங்கியதும் ஒழுகல் நின்றுவிடும். தைலமரத்தை மறுதாம்பு விட்டால், அதாவது வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே மீண்டும் துளிர்க்கவிட்டால், வேர் உயிரோடு இருப்பதால் ஒழுகல் இன்னும் சீக்கிரம் நிற்கும். இது மறுதாம்பின் பெரிய நன்மை. சவுக்குக்கு அந்த வசதி இல்லை. அது நம்பும்படி துளிர்ப்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் நட வேண்டும்.

அதன்பின் வருவது மெதுவான சரிவு. ஒரு சுழற்சியில் (ஒரு நடவிலிருந்து வெட்டுவரை) கண்ணுக்குத் தெரியாது. மேலே உள்ள அட்டவணையின் கால்சியத்தையே எடுங்கள். ஒரு செம்புறை நிலத்தில் மேல் 20 செ.மீ. மண் ஹெக்டேருக்குச் சுமார் 3,000 டன். கிலோவுக்கு 200 மில்லிகிராம் கால்சியம் இருந்தால் இருப்பு 600 கிலோ. தடி மட்டும் நான்கு வெட்டு போனால் செலவு 200 கிலோ. முழுமரமும் நான்கு வெட்டு போனால் 868 கிலோ. ஆழத்து வேரும் பாறைச் சிதைவும் கொஞ்சம் ஈடுகட்டும். ஆனாலும் முதல் கணக்கு தாங்கும், இரண்டாவது தாங்காது. கிளிஞ்சல் கலந்த கடலோர மணலில் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே முதலில் குறைவது பொட்டாசியமும் தழைச்சத்தும்.

தென் ஆஸ்திரேலியாவில் ரேடியேட்டா பைன் வைத்த மணல் நிலங்களில் இரண்டாம் சுழற்சி மரங்கள் முதல் சுழற்சியைவிடத் தாழ்ந்துபோனது 1960களில் வெளிப்பட்டது. இடையில் கழிவைக் கொளுத்துவதுதான் அங்கே வழக்கமாக இருந்தது. கழிவைக் கொளுத்தாமல் பரப்பி, களையைக் கட்டுப்படுத்தியபோது அந்தச் சரிவைத் தடுக்க முடிந்தது. காங்கோவின் கடலோர மணலில் தைலமரத்தை வைத்துச் செய்த ஒப்பீட்டிலும், கழிவை முழுக்க அகற்றிய பாத்திகளில் அடுத்த மரங்கள் தெளிவாகவே பின்தங்கின.

படி 1: வெட்டுவதற்கு முன்பே மண் மாதிரி எடுங்கள்

வெட்டுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பு எடுங்கள். வெட்டியபின் எடுப்பது மேலே சொன்ன காரணத்தால் ஏமாற்றும்.

ஒரே மாதிரி மண்ணும் ஒரே வயது மரமும் உள்ள இரண்டரை ஏக்கரை ஒரு அலகாக வைத்து, வளைந்து வளைந்து நடந்து 15 இடங்களில் எடுங்கள். மேலே கிடக்கும் சருகை மட்டும் ஒதுக்கிவிட்டு, மண்ணைச் சுரண்டாமல் எடுக்க வேண்டும். ஆழம் 0–20, 20–40, 40–60 செ.மீ. என மூன்று. ஒவ்வொன்றுக்கும் தனி வாளி. நெல்லுக்கு எடுப்பதுபோல் மேல் 15 செ.மீ. மட்டும் எடுத்தால் மர வேர் மேயும் இடத்தைத் தவறவிடுவீர்கள். வரப்போரம், பழைய தீ மேடு, கறையான் புற்றின் அருகு, ஆடு மாடு கட்டிய இடம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். கறையான் சுற்றுவட்டாரத்துச் சருகையெல்லாம் இழுத்துச் சேர்ப்பதால், புற்றுக்கு அருகே எடுத்த ஒரு பிடி மண்ணே முடிவைக் கெடுத்துவிடும்.

வாளியில் கலந்து, பரப்பி நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, அரைக் கிலோவாகும்வரை குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போடுங்கள். பரிசோதனை நிலையத்தில் வழக்கமான தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்தோடு அங்ககக் கரிமம், கால்சியம், மக்னீசியம், போரான், அமில கார நிலை ஆகியவற்றையும் கேளுங்கள். இவற்றில் அங்ககக் கரிமம்தான் நீண்ட காலக் காட்டி. மற்றவை பருவத்துக்குப் பருவம் ஆடும்.

அட்டையில் "குறைவு, நடுத்தரம், அதிகம்" என்று வரும். தமிழ்நாட்டில் கிடைக்கும் தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழ் என்றால் குறைவு. மணிச்சத்து 11 கிலோவுக்குக் கீழும், சாம்பல் சத்து 118 கிலோவுக்குக் கீழும் குறைவு. இவை வயல் பயிர்களுக்காக வகுத்த எல்லைகள். "குறைவு" என்று வந்த நிலத்திலும் மரம் நன்றாக வளரும், வேர் ஆழம் போகிறதே. உங்களுக்கு வேண்டியது ஒரு முறை வந்த எண்ணைவிட, வெட்டுக்கு வெட்டு அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே. எனவே ஒவ்வொரு முறையும் அதே மாதம், அதே ஆழம், முடிந்தால் அதே நிலையம்.

படி 2: மாதிரி மரத்தைப் பிரித்து எடை போடுங்கள்

தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் 50 மரங்களின் சுற்றளவை அளந்து சராசரி காணுங்கள். சராசரிக்கு நெருக்கமாக மூன்று மரம், சிறியது ஒன்று, பெரியது ஒன்று என ஐந்தைத் தார்ப்பாயின்மேல் சாய்த்துப் பிரியுங்கள்: இலை (சவுக்குக்கு ஊசிக்கிளை), விரல் பருமனுக்குக் கீழான மிலாறு, பெரிய கிளை, பட்டை, தடி. ஒவ்வொன்றையும் உடனே பச்சையாக எடை போடுங்கள். மாலைவரை வெயிலில் கிடந்த இலை எடை இழந்திருக்கும், கணக்கு பிசகும்.

ஒவ்வொரு பாகத்திலும் அரைக் கிலோ மாதிரியைப் பையில் கட்டி ஆய்வகத்துக்கு அனுப்பி, 70 டிகிரி செல்சியஸில் எடை மாறாத நிலைவரை உலர்த்தச் சொல்லி உலர் எடையும் சத்துச் சதவீதமும் வாங்குங்கள். பச்சைத் தடியில் ஏறக்குறைய பாதி தண்ணீர். எடைமேடைச் சீட்டில் உள்ள டன்னை அப்படியே சத்துச் சதவீதத்தால் பெருக்கினால் இழப்பு இரட்டிப்பாகத் தெரியும்.

உலர் எடை × சதவீதம் ÷ 100 = ஒரு மரத்தின் அந்தப் பாகத்தில் உள்ள சத்து. இதை உயிரோடு நிற்கும் மர எண்ணிக்கையால் பெருக்குங்கள். நட்ட எண்ணிக்கையால் பெருக்காதீர்கள்.

படி 3: செலவை எழுதுங்கள், மண் நகர்வையும் சேர்த்து

எந்தப் பாகம் வெளியே போகிறதோ அதை மட்டும் செலவில் எழுதுங்கள். மேலே உள்ள தோப்பில் உரித்த தடி மட்டும் போனால் தழைச்சத்து 60 கிலோ. பட்டையோடு தடி போனால் 78 கிலோ, கூடவே கால்சியம் 50லிருந்து 158க்குத் தாவுகிறது. எல்லாம் போனால் 146.5 கிலோ.

கொளுத்தினால் தழைச்சத்தைப் போனதாகவே எழுதுங்கள். சுமார் 200 டிகிரிக்கு மேல் அது ஆவியாகத் தொடங்கிவிடும். கால்சியமும் பொட்டாசியமும் சாம்பலில் தங்கும், ஆனால் பொட்டாசியம் முதல் மழையிலேயே கரையும். மணல் நிலத்தில் அதைப் பிடித்துவைக்கக் களியும் இல்லை, மட்கும் இல்லை. தீ மேட்டில் வைத்த கன்றுகள் முதல் ஆண்டு கருகருவென்று வளர்வதைப் பார்த்துக் கொளுத்துவது நல்லது என்று நம்புவோர் உண்டு. சுற்றியுள்ள நிலத்தின் சத்தை அந்த மேட்டில் குவித்திருக்கிறோம், அவ்வளவுதான்.

பெரும்பாலோர் எழுத மறப்பது ஜேசிபியால் தள்ளிய மண். ஒரு ஹெக்டேரில் 1 செ.மீ. மேல்மண் சுமார் 130 டன். அதில் தழைச்சத்து 0.06 சதவீதம் என்றால் 78 கிலோ. 50 டன் உலர் தடியில் போனதைவிட இது அதிகம். தூரைத் தோண்டி, கழிவையும் மண்ணையும் சேர்த்து வரப்போரம் ஒதுக்கும் ஒரு நாள் வேலையில் ஒரு செ.மீ. நகர்வது சாதாரணம்.

வரவுப் பக்கம் சிறியது. மழையோடு ஆண்டுக்குச் சில கிலோ தழைச்சத்து வரும், பாஸ்பரஸ் கிட்டத்தட்ட இல்லை. சவுக்கின் வேர் முடிச்சில் உள்ள ஃபிராங்கியா நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்க்கும். அதனால் சவுக்கு மண்ணைக் கெடுக்காது என்று சொல்வது பாதி உண்மை. பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியத்தை அது எங்கிருந்தும் உண்டாக்குவதில்லை. முடிச்சு நன்றாக வேலை செய்யவே பாஸ்பரஸ் வேண்டும்.

படி 4: வெட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்

மொத்தக் குத்தகையாகப் பேசினால் மிலாறும் தூரும் வெட்டுபவருக்கே என்று ஆகிவிடும். செங்கல் சூளைக்கும் கொதிகலனுக்கும் அவை விற்கும். எனவே வாய்ப்பேச்சாக விடாமல் இவற்றை எழுதுங்கள்: விரல் பருமனுக்குக் கீழான எல்லாம் வயலிலேயே கிடக்கும்; பட்டை உரிப்பது தோப்புக்குள்ளேயே நடக்கும், உரித்த பட்டை பரப்பப்படும்; தீ வைக்கக் கூடாது; டிராக்டரும் லாரியும் குறித்த தடத்தில் மட்டுமே போகும்; மழைக்குப்பின் மண் உருண்டை பிடிக்கும் பதத்தில் ஏற்றக் கூடாது. ஈரக் களிமண்ணில் லாரி ஏறினால் மண் இறுகி, சத்து இருந்தும் வேர் போகாத நிலை வரும்.

மிலாறுக்கு ஒரு விலை வரும்தான். படி 6இல் உள்ள உரச் செலவோடு அதை ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முடிந்தால் கோடையில் வெட்டுங்கள். தைலமரத்தை மறுதாம்பு விடுவதானால் தரையிலிருந்து 10–15 செ.மீ. உயரத்தில், பட்டை கிழியாமல், நீர் வழியும்படி சாய்வாக அறுங்கள்.

படி 5: கழிவைப் பரப்புங்கள், இடைவெளியை மூடுங்கள்

கழிவை ஒன்று விட்டு ஒரு வரிசை இடைவெளியில் நீளவாக்கில் பரப்புங்கள், குவிக்காதீர்கள். கன்றைச் சுற்றி ஒன்றரை அடி வெறுமையாக இருக்கட்டும். கழிவு தண்டைத் தொட்டால் கறையான் நேராகக் கன்றுக்கு ஏறும். தைலமரக் கன்றுகள் முதல் ஆண்டில் இதனால் நிறையச் சாகும்.

கட்டைக் கழிவை மண்ணுக்குள் உழுது புதைக்காதீர்கள். கட்டையில் கரிமம் மிகுதி, தழைச்சத்து சொற்பம். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், கன்று வெளுத்துவிடும். மேலே கிடந்தால் இந்தச் சிக்கல் மிகக் குறைவு, மண் ஈரமும் நிற்கும்.

முதல் மழைக்கே இடைவெளியில் சணப்பை அல்லது கொழிஞ்சி விதையுங்கள். ஒழுகிப்போகவிருக்கும் நைட்ரேட்டைச் செடிக்குள் பிடித்துவைத்து, பூக்கும்போது அறுத்துப் போட்டால் கன்றுக்குக் கிடைக்கும். ஊடுபயிராக நிலக்கடலை போடுவோர் காயையும் கொடியையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொடி மாட்டுக்குப் போனால் எரு திரும்பி வரட்டும்.

படி 6: போனதைத் திருப்பிக் கொடுங்கள்

ஆய்வகம் பாஸ்பரஸ், பொட்டாசியம் என்று தனிமக் கணக்கில் தரும். உர மூட்டையில் இருப்பது ஆக்சைடு கணக்கு. பாஸ்பரஸை 2.29ஆலும் பொட்டாசியத்தை 1.2ஆலும் பெருக்கினால்தான் மூட்டைக் கணக்குக்கு வரும். இந்த மாற்றத்தை விட்டுவிட்டால் மணிச்சத்து தேவையில் பாதிகூட இருக்காது.

உரித்த தடி மட்டும் போன தோப்புக்கு ஈடு, ஹெக்டேருக்கு: யூரியா 130 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 72 கிலோ, பொட்டாஷ் 100 கிலோ, சுண்ணாம்புத்தூள் 125 கிலோ. எல்லாமே போன தோப்புக்கு: யூரியா 318, சூப்பர் பாஸ்பேட் 177, பொட்டாஷ் 248, சுண்ணாம்புத்தூள் 543 கிலோ. யூரியாவில் மட்டும் மூன்று மூட்டைக்கும் ஏழு மூட்டைக்கும் உள்ள வித்தியாசம். இதுவும் போட்டதெல்லாம் மரத்துக்குச் சேரும் என்று வைத்துக்கொண்ட கணக்கு. செம்புறை மண் பாஸ்பரஸைக் கட்டிப்போடும், மணல் யூரியாவை ஒழுகவிடும்.

மண் காரமாக இருந்தால் சுண்ணாம்புத்தூள் வேண்டாம், ஜிப்சம் போடுங்கள். சூப்பர் பாஸ்பேட்டிலேயே ஐந்தில் ஒரு பங்கு கால்சியம் இருப்பதால் அதைக் கழித்துக்கொள்ளலாம். சவுக்குக்கு யூரியாவைக் கொட்டாதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் வேர் முடிச்சு குறையும். அங்கே மணிச்சத்தும் சாம்பல் சத்துமே முதல் தேவை. மொத்தத்தையும் ஒரே தடவையாகப் போடாமல், நட்ட ஒன்றிரண்டு மாதத்தில் ஒரு பங்கும், பிறகு இரண்டு மழைக்காலத் தொடக்கங்களில் மீதியும், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். உரம் போட்ட பிறகும் உச்சித் துளிர் காய்ந்து மரம் புதராகக் கிளைத்தால், தைலமரத்தில் போரான் குறைவைச் சந்தேகிக்கலாம். ஆனால் இலைப் பரிசோதனை இல்லாமல் போராக்ஸ் போடாதீர்கள். தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகச் சிறியது.

படி 7: உங்கள் நிலத்திலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்

தோப்பின் ஒரே மாதிரியான பகுதியில் 20 மீட்டருக்கு 20 மீட்டர் பாத்திகள் மூன்றை அடையாளமிடுங்கள். ஒன்றில் கழிவு எல்லாம் கிடக்கட்டும், ஒன்றில் எல்லாம் எடுங்கள், ஒன்றில் வழக்கமாகச் செய்வதைச் செய்யுங்கள். இடமிருந்தால் ஒவ்வொன்றையும் மும்முறை வையுங்கள். ஓர வரிசை இரண்டை விட்டுவிட்டு, உள்ளே உள்ள மரங்களின் சுற்றளவை 12, 24, 36ஆம் மாதங்களில் அளந்து எழுதுங்கள்.

மூன்று பாத்தியும் ஒன்றுபோல் வளர்ந்தால் "கழிவை எடுத்தாலும் ஒன்றுமில்லை" என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அமெரிக்க வனத்துறை 1990இலிருந்து பல மாநிலங்களில் நடத்திவரும் நீண்டகால ஒப்பீட்டில், தரைமேல் இருந்த கரிமப்பொருளை முழுவதும் அகற்றிய பாத்திகளில் பத்தாம் ஆண்டில் மேல்மண் கரிமமும் கிடைக்கும் சத்தும் குறைந்திருந்தன. மரத்தின் வளர்ச்சியில் அப்போது பொதுவான வித்தியாசம் தெரியவில்லை. முதலில் மண்ணில் குறைந்து, பிறகுதான் மரத்தில் தெரியும். களிச் சேர்ந்த வளமான மண்ணில் இந்த இடைவெளி பல சுழற்சிகள் நீளலாம். மணலில் அடுத்த வெட்டிலேயே தெரியக்கூடும். ஆகவே சுற்றளவோடு, மேல் 20 செ.மீ. மண்ணின் அங்ககக் கரிமத்தையும் ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் எழுதிவையுங்கள். இரண்டு வெட்டாக அது தொடர்ந்து இறங்கினால், மூன்றாவதற்குச் சுழற்சியை ஓரிரு ஆண்டு நீட்டுங்கள், தூரைத் தோண்டாமல் இடைவரிசையில் நடுங்கள், கழிவில் ஒரு கட்டுகூட வெளியே போகாமல் பாருங்கள்.